ப்ரோ, என் டைமண்ட் எங்கே?

உங்க மொபைல்ல குறைஞ்சது ஒரு கேமாவது இருக்கும். அதோட செட்டிங்ஸ்ல, மூலையில 'ஹெல்ப்'னு ஒரு குட்டி பட்டன் தூங்கிட்டு இருக்கும். காசு கட்டியும் டைமண்ட் வரலைன்னா, ராத்திரி 2 மணிக்கு அதைத் தட்டி, மனசுல இருக்கிற கோபத்தையெல்லாம் கொட்டி ஒரு மெசேஜ் அனுப்புவீங்க. அது எங்கே போகுதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? யாரோ ஒரு ரோபோ படிக்குதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன்.

செமஸ்டர் முடிஞ்ச கையோடு, டிசம்பர் – ஜனவரியில 5 வாரம், அந்த மெசேஜ் போய்ச் சேர்ற இடத்திலேயே இன்டர்னா உட்கார்ந்தேன். ஊர்: பெங்களூரு. வேலை: ஒரு மொபைல் கேம் ஸ்டூடியோவில் ப்ளேயர் சப்போர்ட். வாங்க, சுத்திக் காட்டுறேன்!

சில்க் போர்டில் இறங்கணும்

சேலத்துல பஸ் ஏறினா தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். அத்திப்பள்ளி தாண்டினதும் கடை போர்டெல்லாம் கன்னடத்துக்கு மாறும். 2010-ல் திறந்த எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் உங்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுற இடம்தான் சில்க் போர்டு. டிராஃபிக் ஜாமுக்குன்னே இந்தியா முழுக்கப் பேர் வாங்கின ஜங்ஷன். பட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? 1948-ல் உருவான மத்திய பட்டு வாரியத்தின் ஆபீஸ் அங்கேதான் இருக்கு. 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோ மஞ்சள் லைனும் வந்தாச்சு. இப்ப ஜாமை மேலே இருந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே போகலாம்.

அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனா ஹெச்.எஸ்.ஆர். லே-அவுட். விரிச்சுச் சொன்னா ஓசூர் – சர்ஜாபூர் ரோடு லே-அவுட். பேர்லயே நம்ம ஓசூர் உட்கார்ந்திருக்கு பாருங்க! மாடிக்கு மாடி ஸ்டார்ட்-அப் போர்டு, கீழே டீக்கடை, பக்கத்துச் சந்துல பி.ஜி. அங்கே சாம்பார்ல வெல்லம் போட்டு இனிப்பாக்கித் தருவாங்க. முதல் வாரம் முறைப்பீங்க, மூணாவது வாரம் ரெண்டாவது கரண்டி கேட்பீங்க. டிசம்பர் குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம். ஊர்ல இருந்து எடுத்துட்டுப் போங்க, அங்கே வாங்கினா ஸ்டைபண்ட் காலி.

கேம் கம்பெனிகளுக்கு இந்த ஊர் புதுசு இல்லை. ஃபேஸ்புக்ல ஊரே விவசாயம் பார்த்த 'ஃபார்ம்வில்' ஞாபகம் இருக்கா? நமக்கு இல்லைன்னாலும் நம்ம அண்ணன், அக்காவுக்கு இருக்கும். அதை உருவாக்கின ஸிங்கா 2010-லயே பெங்களூருவில் ஆபீஸ் திறந்துடுச்சு.

பேன்ட்ரிக்கு அந்தப் பக்கம்

நான் இருந்த ஸ்டூடியோவுக்கு ஒரே ஒரு மாடி. ஒரு பக்கம் ஆர்ட் டீம், டிசைன் டீம். பெரிய பெரிய மானிட்டர், மேஜை நிறைய பொம்மை, சுவர் நிறைய டிராகன். நடுவுல காபி மெஷினோட பேன்ட்ரி. அதுக்கு அந்தப் பக்கம் நாங்க எட்டுப் பேர். பொம்மையும் கிடையாது, டிராகனும் கிடையாது.

சப்போர்ட்னதும் ஹெட்போன் மாட்டிக்கிட்டு "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ"ன்னு பேசுற வேலைன்னு வீட்ல நினைச்சாங்க. இங்கே ஒரு போன் கால்கூட வராது. எல்லாமே எழுத்துதான். ஆளுக்கு ரெண்டு ஸ்க்ரீன். இடது பக்கம் உங்க மெசேஜ், அதுக்குப் பேரு 'டிக்கெட்'. வலது பக்கம் உங்க ஜாதகம்: எந்த லெவல், எப்ப கடைசியா ஆடினீங்க, எதை எப்ப எவ்வளவுக்கு வாங்கினீங்க, எல்லாம் வரிசையா இருக்கும். மதியம் 2-லிருந்து ராத்திரி 11 வரை என் ஷிஃப்ட். நீங்க காலேஜ் முடிஞ்சு ஆட உட்காரும்போதுதானே எங்களுக்கு வேலை! முடிஞ்சதும் ஆபீஸ் கேப் பி.ஜி. வாசல் வரை விட்டுடும்.

இரண்டாம் வருஷ கோடிங் மார்க்கைப் பார்த்து என்னை எடுக்கலை. தமிழ் தெரியும்னுதான் எடுத்தாங்க. இங்கிலீஷ் எழுத்துல தமிழை எழுதுறோமே, அதை மொழிபெயர்க்கிற சாஃப்ட்வேர் படுற பாடு இருக்கே! "ப்ரோ டைமண்ட் வரல, காசு போச்சு, கொஞ்சம் பாருங்க"ன்னு ஒரு பையன் அனுப்பினா, அது 'காசு'வை ஆள் பேராக்கி, அவரை எங்கேயோ அனுப்பி வச்சிடும். அப்படிப்பட்ட டிக்கெட்டெல்லாம் என் தலையில். ஒரு நாளைக்கு அம்பது, அறுபது. இன்னொண்ணு: எழுதுற எல்லாருக்கும் நான் 'ப்ரோ' இல்லைன்னா 'அண்ணா'. இந்தப் பக்கம் ஒரு பொண்ணு இருப்பான்னு ஒருத்தருக்குமே தோணலை!

டைமண்ட் எங்கதான் போச்சு?

நம்பர் ஒன் கேள்வி இதுதான். இன்ஜினீயரிங் மக்களே, கொஞ்சம் கவனிங்க. நீங்க காசு கட்டினதும் ஸ்டோர் ஒரு ரசீது தரும். போன் அதை வாங்கி கேம் சர்வர்கிட்ட கொடுக்கணும். சர்வர் அது நிஜ ரசீதான்னு ஸ்டோர்கிட்ட கேட்டு, ஆமான்னா டைமண்ட் தரணும். இந்த ஓட்டத்துல நடுவே உங்க நெட் புட்டுக்கிச்சுன்னா ரசீது போன்லயே நின்னுடும். பாதிக் கேஸ், கேமை மூடித் திறந்தாலே சரியாகிடும். கூகுள் ப்ளேவுல 3 நாளுக்குள்ள கேம் 'வந்து சேர்ந்தது'ன்னு சொல்லலைன்னா, பணம் தானாவே திரும்பி வந்துடும். இது தெரியாம ராத்திரியெல்லாம் தூங்காம உட்கார்ந்திருந்தவங்க எத்தனை பேர்!

அடுத்தது, காணாமப்போன அக்கவுன்ட். 'கெஸ்ட்'டா ரெண்டு வருஷம் ஆடிட்டு, போனை மாத்திட்டு, "என் ஊரைக் காணோம்"னு வருவாங்க. அக்கவுன்ட் ஆரம்பிச்சது எப்போ, எந்த போன், முதல்ல வாங்கினது என்னன்னு கேட்போம். சொந்தக்காரங்க தடுமாறித் தடுமாறிப் பதில் சொல்வாங்க. அடுத்தவன் அக்கவுன்ட்டைத் தூக்கப் பார்க்கிறவன் டக் டக்னு தப்பாச் சொல்வான்.

மூணாவது, தடை வாங்கினவங்க. "நான் சீட் பண்ணலை சார், என் தம்பி ஆடினான்." தமிழ்நாட்டுத் தம்பிகள் பாவம், எல்லாப் பழியும் அவங்க மேலதான்.

மொக்கை டிக்கெட்டிலும் புதையல் இருக்கும். "கிஃப்ட் திறந்தா மாட்டிக்குது, வெளியே வர முடியலை"ன்னு ரெண்டாவது வாரம் 11 பேர் எழுதினாங்க. டெவலப்பர்கிட்ட போனா, "என் போன்ல நல்லாத்தானே வருது"ன்னார். லேப்ல நாமளும் சொல்ற டயலாக்தானே! 11 பேர்கிட்டயும் ஸ்க்ரீன்-ஷாட் கேட்டு வாங்கிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, எல்லாருமே போன்ல எழுத்து அளவைப் பெரிசா வச்சிருந்தவங்க. அதனால 'க்ளோஸ்' பட்டன் ஸ்க்ரீனுக்கு வெளியே போயிடுச்சு. மூணு பேர் எங்க அம்மா வயசு, கண்ணாடி கழட்டிட்டு ஆடுறவங்க. நம்ம கேமை யார் ஆடுறாங்கன்னு டிராகன் வரையிற பக்கத்துல யாருக்கும் அதுவரை தெரியாது.

அரையாண்டு லீவுல ஒரு டிக்கெட்

கிறிஸ்துமஸ் ஆஃபர் ஓடிட்டிருந்த வாரம். ஒரு பையனோட அக்கவுன்ட்ல இருந்து அவங்க அப்பா எழுதியிருந்தார்: "சார், பையன் 7-வது படிக்கிறான். என் போன்ல இருந்து 8,393 ரூபாய் எடுத்திருக்கான். அடுத்த டேர்ம் ஃபீஸுக்கு வச்ச பணம். பின் நம்பர் அவனுக்குத் தெரியும், அது என் தப்பு. அவனை அடிச்சுட்டேன். ஏதாவது செய்ய முடியுமா?"

வலது ஸ்க்ரீனைப் பார்த்தேன். 1,199 ரூபாய் பேக், ஏழு தடவை. எல்லாம் ராத்திரி 12-லிருந்து 1-க்குள்ள, மூணு நாள்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துல ஒரு பைசா செலவு பண்ணலை. கூகுள் ப்ளேவுல வாங்கினா 48 மணி நேரத்துக்குள்ள அங்கேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதுக்கப்புறம் பொதுவா கேம் கம்பெனிகிட்டதான் பேசணும். ஐபோன்னா எப்பவுமே ஆப்பிள்தான் முடிவெடுக்கும். அப்பா எழுதினது அஞ்சாவது நாள். என் ஸ்க்ரீன்ல ரீஃபண்ட் பட்டனே கிடையாது. இருந்தது ஒரு மேக்ரோ, அதாவது ரெடிமேட் பதில்: 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்...'

எங்க லீட் ஒரு மங்களூர்க்காரர். அந்த மேக்ரோவை இதுக்கு மட்டும் அனுப்பாதேன்னார். என்ன நேரத்துல வாங்கினான், முன்னாடி வாங்கியிருக்கானா, வாங்கினதை என்ன செஞ்சான் – மூணையும் ஒரே பக்கத்துல எழுதி மேலே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு முழுப் பணமும் அப்பாவுக்குத் திரும்பப் போச்சு.

கதை அங்கே முடியலை பாஸ். பணம் திரும்பினா டைமண்டும் திரும்பணும், அதுதான் ரூல். பையன் எல்லாத்தையும் செலவழிச்சுட்டான். கணக்கு மைனஸ் 9,100-ல் நின்னுச்சு. மறுநாள் அவனே எழுதினான்: "அண்ணா, மைனஸ் போறதுக்கு என்ன பண்ணணும்? காசு கட்ட மாட்டேன்." தினமும் ஆடினா 25 டைமண்ட் ஃப்ரீ. 9,100-ஐ 25-ஆல வகுத்தேன். 364 நாள் ஆகும் தம்பி, இல்லை புதுசாவும் ஆரம்பிக்கலாம்னு எழுதினேன். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்தது: "ஓகே அண்ணா. இதுலயே ஆடுறேன்."

டைமர் வச்சது யாரு?

பையனைத் திட்டுறது ஈஸி. ஆனா அவனுக்கு ஸ்க்ரீன்ல என்ன வந்ததுன்னு பாருங்க. 'இன்னும் 14 நிமிஷம் 59 நொடி மட்டும்'னு ஓடுற டைமர். முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து ஓடும். அதுக்கு 12 வயசா 42 வயசான்னு தெரியாது.

இது ஒரு ஊர்ப் பிரச்னையும் இல்லை. குழந்தைங்க பெத்தவங்களுக்குத் தெரியாம ஆப்ல வாங்கின விவகாரத்துல, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2014 ஜனவரியில் ஆப்பிளைக் குறைஞ்சது 3.25 கோடி டாலர் திருப்பித் தர வச்சது. ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டா அடுத்த 15 நிமிஷம் கேட்காமலே வாங்க முடிஞ்சதுதான் புகார். அதே வருஷம் செப்டம்பரில் கூகுள், 1.9 கோடி டாலர். 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' எபிக் கேம்ஸ், 24.5 கோடி டாலர். பட்டன்களைக் குழப்பமா வச்சு வாங்க வச்சாங்கங்கிறது அதுல ஒரு குற்றச்சாட்டு. நம்ம நாட்டுல 2025 ஆகஸ்ட்டில் வந்த சட்டம் காசு கட்டிக் காசு ஜெயிக்கிற ஆன்லைன் கேம்களைத் தடை செஞ்சது. எங்களுடையது அந்த வகை இல்லை. இதுல காசு உள்ளே போகும், வெளியே வராது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்க டீம் ஒரு பக்க ரிப்போர்ட் தரும்: இந்த வாரம் மக்களைப் படுத்தின அஞ்சு விஷயம். அந்த வாரம் 'பசங்க வாங்கினது' நாலாவது இடம், காரணம் டைமர்னு எழுதிக் கொடுத்தோம். மீட்டிங்ல ரெண்டு நிமிஷம் பேசினாங்க. க்ளோஸ் பட்டனை அன்னைக்கே சரி செஞ்சவங்கதான். டைமரால வருமானம் வருது, அதனால 'பார்க்கலாம்'. பொங்கலுக்கு நான் பஸ் ஏறும்போதும் அது ஓடிட்டுத்தான் இருந்தது. அதை டிசைன் பண்ணவர் சீட் என் சீட்ல இருந்து பதினஞ்சு அடி. நல்ல மனுஷன், எனக்கு காபியெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கார். ஆனா அந்த அப்பாவோட மெசேஜ் பேன்ட்ரியைத் தாண்டும்போது 'நாலாவது இடம்'னு ஒரு வரியா மாறிடுது.

சண்டே ஒரு ரவுண்டு

லீவு நாள்ல அல்சூர் ஏரிக்குப் போங்க. அங்கே நம்ம திருவள்ளுவர் நிற்கிறார். 1991-ல் சிலையை வச்சும், மூடியே இருந்து, 2009 ஆகஸ்ட்டில்தான் திறந்தாங்க. 18 வருஷம் பெண்டிங்ல இருந்த டிக்கெட்! 'ரெண்டு நாளா பதில் இல்லை'ன்னு திட்டுறவங்களை நினைச்சுச் சிரிச்சுட்டு, ஏரிக்கரையில சோளம் வாங்கிச் சாப்பிடலாம்.

போறவங்களுக்கு... எழுதுறவங்களுக்கு...

இன்டர்ன்ஷிப்னா கோடிங் சீட்டுதான் வேணும்னு அடம்பிடிக்காதீங்க. சப்போர்ட் சீட்டும் கேளுங்க. தெளிவா எழுத வரணும், பொறுமை வேணும், தாய்மொழி தெரிஞ்சா ப்ளஸ்.

நீங்க டிக்கெட் எழுதுற ஆளா? அப்ப இதை நோட் பண்ணிக்கோங்க. கெஸ்ட்டா ஆடாதீங்க, இன்னைக்கே மெயிலோட இணைச்சுடுங்க. 'ஜி.பி.ஏ.'ன்னு ஆரம்பிக்கிற ஆர்டர் நம்பரை முதல் மெசேஜ்லயே அனுப்புங்க. தெரியாம வாங்கிட்டா 48 மணி நேரம் தாண்ட விடாதீங்க. வீட்டுல தம்பி, தங்கச்சி இருந்தா அப்பா போன்ல பின் நம்பரை மாத்திட்டு, ஸ்டோர்ல ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வச்சுடுங்க.

நாளைக்கு நம்மள்ல பல பேர் ஆப் செய்யப்போறோம். அதுல ஒரு டைமரோ, 'வாங்கு'ன்னு ஒரு பட்டனோ வைக்கிற வேலை உங்க கைக்கும் வரும். அதுக்கு முன்னாடி அஞ்சு வாரம் பேன்ட்ரிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்க. சில்க் போர்டுல இறங்கி ஒரு ஆட்டோ, அவ்வளவுதான்!