பதினைந்து தௌ

பழைய காருக்கு முழு என்ஜின் வேலை பார்த்து முடித்தவருக்குப் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. 1882-இல் ஆங்கிலோ-இந்தியர் குடியிருப்பாகத் தோன்றிய இன்னர் சர்க்கிள் பக்கம், மர நிழலில், ஒன்றும் தெரியாது. ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா நெரிசலில் நிற்கும்போதுதான் தெரியும். இந்தப் பக்கம் மின்சார டாக்சி, அந்தப் பக்கம் சிக்னலில் தானாக அணைந்துகொள்ளும் புதுக் கார். நடுவில் அம்பாசடர் மட்டும் தையல் மிஷின் மாதிரி டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். “இப்பத்தானே என்ஜின் பண்ணீங்க?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வண்டி பட்டறைக்குத் திரும்பிவிடும், சத்தம் அடங்கும்வரை டேப்பட்டை இறுக்கச் சொல்வார்கள். அந்த என்ஜினுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. அளவு சரியாக இருந்து, சீராக ஒலிக்கிற டேப்பட் சத்தம் நோயே அல்ல. பயப்பட வேண்டியது, நேற்றுவரை கேட்டது இன்று கேட்காமல் போவதற்குத்தான்.

காரணம் எளிது. அம்பாசடரின் 1489 சிசி என்ஜினில் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே வழக்கமாக விடும் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். ராக்கர் அந்த இடைவெளியைக் கடந்து தண்டைத் தட்டுவதைத்தான் காது கேட்கிறது. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 400 சுற்று. ஒரு வால்வு நொடிக்கு ஏறக்குறைய ஏழு முறை தட்டும். எட்டும் சேர்ந்தால் ஐம்பதுக்கு மேல். சரியாக வைத்த என்ஜினில் அது ஒரே சலசலப்பாகக் கலந்துவிடும். இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால் சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. அந்த வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. உட்காராத வால்வு ஓரத்தில் கருகும். அப்புறம் கம்ப்ரஷன் போகும், மறுபடி ஹெட் இறக்க வேண்டியதுதான்.

இதற்கு ஈயம் போன கதையே சாட்சி. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். ஈயம் வார்ப்பிரும்பு சீட்டுக்கு ஒரு பூச்சுபோல இருந்து காத்தது. அது இல்லாமல் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டையே அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும், தண்டு மேலே எழும், இடைவெளி சுருங்கும். வெளியே கேட்பவருக்கு என்ஜின் நாளுக்கு நாள் மெருகேறுவதாகத் தோன்றும், உள்ளே சீட் கரைந்துகொண்டிருக்கும். ஹெட் இறக்கும்போதே கடினமான சீட் வளையம் பதித்துவிடுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எல்லாச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனித்து ஒலிக்கும் ஒற்றைத் தட்டல் வேறு விஷயம். ரீபோர், பிஸ்டன், பேரிங் என்று கீழே எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டு, காசை மிச்சம் பிடிக்கப் பழைய ராக்கர்களையே மாட்டுவது நம் ஊர் வழக்கம். அந்த ராக்கர் முகத்தில் தண்டு உரசி உரசிக் குழி விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் கேஜ் குழிமேல் பாலம்போலப் படுத்துக்கொண்டு 15 என்று காட்டும். உண்மை இடைவெளி அதைவிட அதிகம். எத்தனை முறை அட்ஜஸ்ட் செய்தாலும் அந்தச் சத்தம் போகாது. ஓடும் என்ஜினில் ஒவ்வொரு இடைவெளியாகக் கேஜைச் செருகிப் பார்த்தால், எந்த இடத்தில் சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் குற்றவாளி. எங்கேயும் அடங்காமல், லோடு கொடுத்தால் கனக்கிறதென்றால் கீழே பேரிங்கைப் பார்க்க வேண்டும். நாளுக்கு நாள் இடைவெளி பெருகினால் கேம் தேய்கிறது. புதிய கேம் போட்டால் முதல் இருபது நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டுவதும், துத்தநாகமும் பாஸ்பரசும் போதிய அளவு உள்ள எண்ணெய் ஊற்றுவதும் அதற்காகத்தான்.

புதுக் கார்கள் மட்டும் எப்படி மௌனமாக ஓடுகின்றன என்பது இன்னொரு கேள்வி. அவற்றில் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பும் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கிறது. அம்பாசடரில் இருப்பது கெட்டி டேப்பட். அந்த வேலையை ஒரு மனிதர் கையால்தான் செய்ய வேண்டும். அதற்கு அழகான கணக்கு ஒன்று உண்டு: ஒன்பது. முன்னிருந்து எண்ணி எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைக்கலாம். ஆறு திறந்திருந்தால் மூன்று. நான்கு திறந்திருந்தால் ஐந்து. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

ஒரு தடவை வைத்ததோடு வேலை முடிவதில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கேஸ்கட் அமுங்கும். ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் வைக்க வேண்டும். ஹெட் மயிரிழை கீழே இறங்க, புஷ்ராடு இருந்த உயரத்திலேயே நிற்கும். ஆகவே இடைவெளி குறையும். புதிதாக லேப் செய்த வால்வுகளும் சீட்டில் படிந்து தம் பங்குக்குக் குறைக்கும். கவரைக் கழற்றிப் பார்த்தால் 15 இருந்த இடத்தில் 12 இருக்கலாம். வண்டி செட் ஆகிவிட்டது, சத்தமே இல்லை என்று உரிமையாளர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. அன்று மறுபடி 15 வைத்தால் டிக்டிக் திரும்ப வந்துவிடும். அதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் மெக்கானிக் கேஜைக் கையில் கொடுத்து, நீங்களே இழுத்துப் பாருங்கள் சார் என்று சொல்லிவிடுவது நல்லது.