டொக்டர் ஆற்றை பிள்ளை?

2020 மார்ச் 1, ஞாயிறு மாலை, பி.பி.சி.யின் ‘டொக்டர் ஹூ’ தொடர் தன் நாயகரின் பிறப்பை மாற்றி எழுதியது. அதுவரை நாங்கள் அறிந்த டொக்டர் கலிஃப்ரே என்ற கோளில் பிறந்தவர். அங்கிருந்த ‘காலப் பிரபுக்கள்’ என்ற மேட்டுக்குடியோடு ஒத்துப்போக முடியாமல், பழைய கால இயந்திரம் ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடிவந்தவர். அன்றைய கதை வேறொன்று சொன்னது. டொக்டர் கலிஃப்ரேயில் பிறந்தவரே இல்லை. வேறேதோ பிரபஞ்சத்தின் வாசலடியில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தை. டெக்டியூன் என்ற பெண் அதை எடுத்து வளர்க்கிறாள். விளையாடும்போது குன்றிலிருந்து விழுந்த குழந்தை வேறோர் உடலோடு எழும்புகிறது. அந்த இரகசியத்தை அறிய டெக்டியூன் அதன் உடலைத் திரும்பத் திரும்ப ஆராய்கிறாள். கண்டுபிடித்ததைத் தன் உடலிலும், பிறகு தன் நகரத்து மேலோரின் உடல்களிலும் ஏற்றுகிறாள். காலப் பிரபுக்கள் சாகும் தறுவாயில் உருமாறிப் பிழைக்கும் வல்லமை அப்படி வந்ததுதான். குழந்தையின் நினைவு பின்னர் அழிக்கப்பட்டது. முதலாவது டொக்டர் என்று நாங்கள் எண்ணியிருந்தவருக்கு முன்னம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு இனிக் கணக்கே இல்லை.

ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். சிலருடைய கோபம் 2017இலேயே, ஜோடி விட்டேக்கர் என்ற பெண் டொக்டராக அறிவிக்கப்பட்டபோதே தொடங்கியது; ஜோ மார்ட்டின் என்ற கறுப்பினப் பெண் இன்னொரு டொக்டராக வந்ததும் அது கூடியது. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எனக்கும் கோபம் வந்தது. இன்றும் போகவில்லை. ஆனால் அதன் காரணம் வேறு.

விதிகளை மாற்றியதல்ல என் முறைப்பாடு. இந்தத் தொடர் விதிகளை மாற்றித்தான் உயிர் வாழ்ந்தது. 1963 நவம்பர் 23இல், அமெரிக்க சனாதிபதி கென்னடி கொல்லப்பட்ட மறுநாள், முதற்பகுதி வந்தபோது டொக்டர் எந்தக் கோளைச் சேர்ந்தவர் என்று எழுதியவர்களுக்கே தெரியாது. நாடு இழந்தவர் என்பது மட்டுமே சொல்லப்பட்டது. அந்தப் பகுதியை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். அப்போது அவருக்கு 24 வயது. 1966இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னலின் உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. தொடரை நிறுத்த மனமில்லாதவர்கள் டொக்டரின் உடலையே மாற்றிவிட்டார்கள். ‘காலப் பிரபுக்கள்’ என்ற பெயர் 1969இலும், ‘கலிஃப்ரே’ 1973இலும் வந்தன. பன்னிரண்டு தடவைதான் உருமாறலாம் என்ற கட்டுப்பாடு 1976இல் வந்தது. அதே கதை, தெய்வங்கள்போல் இருந்த காலப் பிரபுக்களைச் சூழ்ச்சிக்காரக் கிழவர்களாகக் காட்டியது. அப்போதைய ரசிகர் சங்கத் தலைவர் கதை கெட்டுப்போனது என்று சீறி எழுதினார். இன்று ரசிகர்கள் கொண்டாடும் கதைகளில் அதுவும் ஒன்று. பன்னிரண்டு முடிந்ததும், 2013 நத்தாருக்கு வந்த பகுதியில் டொக்டருக்கு மேலும் ஆயுள் கொடுத்தார்கள். நான் கைதட்டினேன்.

ரசிகனுக்குக் கோபப்பட உரிமை இல்லை என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 1960களில் வந்த பகுதிகளில் பெருமளவை பி.பி.சி. அழித்துவிட்டது. ஒளிநாடாவுக்கு விலை அதிகம். அழித்துத் திரும்பப் பாவித்தார்கள். காணாமற்போன பகுதிகளின் ஒலியாவது இன்று முழுமையாக இருக்கிறதென்றால், வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, தாயையும் தகப்பனையும் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று அதட்டிய அந்தக்காலப் பிள்ளைகளால்தான். எழுதியவர்கள் வந்து போனார்கள். காத்து வைத்தவர்கள் பார்த்தவர்கள்தான். வேடிக்கை என்னவென்றால், 2020இல் இந்த மாற்றத்தை எழுதிய கிறிஸ் சிப்னாலும் அப்படியொரு பிள்ளைதான். 1986இல், பதின்ம வயதில், பி.பி.சி. நிகழ்ச்சி ஒன்றிலே தோன்றி, அந்த ஆண்டின் டொக்டர் ஹூ கதையை அதன் எழுத்தாளர்களின் முகத்துக்கு நேரேயே குறை சொன்னவர் அவர்.

என் காரணத்துக்கு வருகிறேன். நான் 1997இல் லண்டன் வந்தேன். ஈஸ்ற்ஹாமில் ஒரு வீட்டில் ஆறு பேர். இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. வார இறுதிக் காலைகளில் யூ.கே. கோல்ட் என்ற செய்மதி அலைவரிசையில் பழைய டொக்டர் ஹூ போகும். நித்திரை வராத கண்ணோடு, பாதி விளங்கியும் விளங்காமலும் பார்ப்பேன். அட்டைச் சுவர், றப்பர் முகமூடி. ஆனால் அந்த மனிதர் எங்கே போனாலும், ‘நீர் யார்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே அலுவலைப் பார்த்தார். பெயர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, ஊர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். தொடரின் பெயரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவர் மரியாதையாக வாழலாம் என்பதை நான் முதலில் கண்டது அந்தத் திரையில்தான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தெரியும். ‘ஊர் எது?’ என்று தொடங்கும். ஊரைச் சொன்னால் ‘ஊரிலை எவடம்?’ இடத்தைச் சொன்னால் ‘எந்தக் கோயிலடி?’ அதற்கும் சொன்னால் ‘ஆற்றை பிள்ளை?’ எங்கள் வீட்டாருக்கு மூன்றாவது கேள்வியோடேயே பதில் வெளித்துவிடும். கேட்டவரின் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். தேத்தண்ணி வருமா, வந்தால் எந்தக் கோப்பையில் வரும் என்பது அந்த முகத்தில் எழுதியிருக்கும். 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் போகும் உரிமைக்காக யாழ்ப்பாணத்தில் நடந்த போராட்டங்களில் நின்றவர் என் அப்பா. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். “கேக்கிறவனுக்கு மறுமொழி சொல்லாதை, வேலையைக் காட்டு” என்பார். டொக்டரைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

1978இல் வந்த ஒரு கதையில் டொக்டரின் பரீட்சைப் பெறுபேறு வெளிப்படும். இரண்டாந்தரம் எழுதி, நூற்றுக்கு 51 எடுத்துத் தப்பியவர். எங்கள் வீடுகளில் இந்தப் பெறுபேற்றோடு ஒரு பிள்ளை வந்தால் ஒரு கிழமைக்குச் சாப்பாடு இறங்காது. என் நாயகர் அவர்தான். பிறப்பாலும் பெரியவர் இல்லை, படிப்பாலும் பெரியவர் இல்லை. பெரிய வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தபோது, ‘நான் சும்மா இருக்கமாட்டேன்’ என்று படலையைத் திறந்து வெளியே போனவர். அவருடைய பெருமை முழுக்க அந்த ஒரு முடிவில் இருந்தது. அப்படியொரு முடிவை எவரும் எடுக்கலாம்.

2020 அதை எடுத்துவிட்டது. இவர் வெறும் ஆள் இல்லையாம். மூலமே இவராம். காலப் பிரபுக்களின் வல்லமைக்கு ஊற்றே இவர் உடலாம். ‘ஆற்றை பிள்ளை?’ என்ற கேள்விக்குக் கடைசியில் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதில் ‘சாதாரண ஆளின் பிள்ளை இல்லை’ என்பது. நல்லது செய்கிற ஒருவரைப் பார்த்தவுடனே அவருடைய பிறப்பில் ஏதோ விசேடம் இருக்கவேண்டும் என்று தேடுகிற புத்தி எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று அன்றைக்குக் கண்டேன்.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. என் மடியில் இருந்து இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவள். “அப்பா, ஒரு ரீவி புரோகிறாமுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அந்த மூன்று கேள்விகளையும், கோப்பையையும், அவளுடைய அப்பப்பாவையும் பற்றி முதன்முதலில் அவளுக்குச் சொன்னேன். அதுவரை சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. எப்படிச் சொல்வது? லண்டனில் பிறந்த பிள்ளையிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது? டெக்டியூன் தொடக்கிவைத்தாள்.

அவள் கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: “ஆனா அப்பா, நீங்கள் கதையைப் பாதிதான் பாக்கிறீங்கள். டைம் லோர்ட்ஸ் தாங்கள்தான் உயர்ந்த ஆக்கள் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவை. அவையின்ரை உயர்த்தி முழுக்க ஒரு அகதிப் பிள்ளையிட்டை இருந்து களவெடுத்தது எண்டுதானே கதை சொல்லுது? எடுத்துப்போட்டு அந்தப் பிள்ளையின்ரை ஞாபகத்தையும் அழிச்சவை. அது உங்கடை கதை இல்லையோ?”

இதைவிட வலுவான மறுமொழியை நான் வேறெங்கும் வாசிக்கவில்லை. உயர்குடியின் உயர்வு பிறர் உடலின் உழைப்பைத் தின்று வந்தது என்பதை எங்கள் ஊர் வயல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிப்னால் தான் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர் என்று பின்னாளில் சொன்னார். தன் தொடக்கம் தெரியாத ஒருவரின் வலியை அவர் வெளியே நின்று எழுதவில்லை. இவ்வளவையும் ஏற்றுக்கொண்டும் ஒரு கேள்வி எனக்கு மிஞ்சுகிறது. களவுகொடுத்த பிள்ளை ஏன் டொக்டராகவே இருக்கவேண்டும்? பெயர் தெரியாத எவரோ ஒரு பிள்ளையின் உடலிலிருந்து அந்த வல்லமை வந்திருக்கலாம். அதை அறிந்த டொக்டர், தானும் அந்தக் களவில் பங்கு வாங்கிய குடியில் பிறந்தவர் என்று தெரிந்து, என்ன செய்கிறார் என்று எழுதியிருக்கலாம். அது கடினமான கதை. மேட்டுக்குடிக்காரரைத் தன்னைத் திரும்பிப் பார்க்கவைக்கிற கதை. டொக்டரையே பறிகொடுத்தவராக்கியதும் அந்தக் கணக்கிலிருந்து அவர் தப்பிவிட்டார். மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. “எப்பவும் உயர்ந்த ஆக்களின்ரை மனச்சாட்சியைப் பற்றித்தான் கதை எழுதவேணுமோ?” என்றாள். இதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அவளிடம் அதற்கு மேலும் ஒரு பதில் இருக்கிறது. ஆறு வருடமாகப் போகிறது.

2021 டிசெம்பரில், அழிக்கப்பட்ட நினைவுகள் எல்லாம் அடங்கிய ஒரு சட்டைப்பைக் கடிகாரம் டொக்டரிடம் வந்து சேர்கிறது. திறந்தால் தன் பிறப்பு முழுதும் தெரியும். அவர் திறக்கவில்லை. தன் கலத்தின் ஆழத்தில் எங்காவது ஒளித்து வைக்கும்படி அந்தக் கலத்திடமே கொடுத்துவிடுகிறார். மாற்றத்துக்குப் பிறகு வந்தவற்றில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

2023இல் ருவாண்டாவில் பிறந்த ஷூட்டி கட்வா டொக்டரானார். 1994 இனப்படுகொலையின்போது அவருடைய குடும்பம் தப்பி ஸ்கொட்லாந்துக்கு வந்தது. அவரோடு ரூபி சண்டே என்ற பெண் பயணம் செய்தாள். பிறந்தவுடன் தேவாலயம் ஒன்றின் வாசலில் விடப்பட்ட பிள்ளை. அவளுடைய தாய் யார் என்பது அந்தப் பருவம் முழுக்கப் புதிர். தெய்வம் என்றார்கள், பழைய பாத்திரம் ஒன்று என்றார்கள், டொக்டரின் உறவு என்றார்கள். 2024 யூனில் விடை வந்தது. தாய் ஒரு சாதாரணப் பெண். பதினைந்து வயதில் பிள்ளை பெற்றுப் பயந்தவள். அவ்வளவுதான்.

ரசிகர்கள் மறுபடியும் கொதித்தார்கள். இவ்வளவு கட்டியெழுப்பிவிட்டு ஏமாற்றிவிட்டார்களாம். மகளும் அவர்களில் ஒருத்தி, “சும்மா ஒரு அம்மாவோ?” என்று ரிமோட்டைக் கதிரையில் எறிந்தாள். எனக்கோ நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு பெரிய தெய்வமே அந்தத் தாய் யாரென்று அறியத் துடித்தது. அந்தச் சாதாரணப் பதில் அதற்குப் பிடிபடவில்லை. 2020இல் கிடைத்திருக்கவேண்டிய மறுமொழி நான்கு வருடம் பிந்தி, வேறொரு பிள்ளைக்குக் கிடைத்தது.

கடந்த வருடம் ஒரு கலியாண வீட்டில், வயதான அம்மா ஒருவர் மகளைப் பக்கத்தில் இருத்தி, தலையைத் தடவி, “அப்பா எவடம் பிள்ளை?” என்று கேட்டார்.

“ஹரோ, அன்ரி.”

“அது இல்லையம்மா. அதுக்கு முன்னம்?”

“அதுக்கு முன்னம் ஈஸ்ற்ஹாம்” என்றாள் மகள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். “அதுக்கு முன்னம் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”