மூணாவது ஆள்

விளையாட்டுப் பக்கத்துக்கு யாராவது எழுதுங்கள் என்று தமிழம்மா சொன்னதும் எல்லோரும் கிரிக்கெட் என்றுதான் பேர் கொடுத்தார்கள். நான் எழுதப்போவது நம் ஊரில் யாரும் ஆடாத விளையாட்டு. நானே அதை போனில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன்.

என் பெரியம்மா மகன் அண்ணன் அமெரிக்காவில் டல்லஹாசி என்ற ஊரில் படித்தார். காலேஜ் பேர் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது இல்லை. பந்து முட்டை மாதிரி இருக்கும். கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். பந்தை எறிகிற ஆளுக்கு குவார்ட்டர்பேக் என்று பேர். டீமே அவரை நம்பித்தான் இருக்கும். காலேஜ் பசங்க ஆடுவதைப் பார்க்க ஐம்பதாயிரம், லட்சம் பேர் எல்லாம் வருவார்களாம். நான் முதலில் நம்பவில்லை. அண்ணன் போட்டோ அனுப்பினார்.

அங்கே சனிக்கிழமை ராத்திரி மேட்ச் என்றால் நமக்கு ஞாயிறு காலை. அந்த நேரம் பெரியம்மாவுக்குப் போன் வரும், நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்போது 2023, நான் ஏழாம் வகுப்பு.

அந்த வருஷம் பெரிய பிரிவில் மட்டும் 133 காலேஜ் டீம். ஒரு டீமுக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை 12 மேட்ச்தான். அப்புறம் எப்படி எல்லோரும் எல்லோருடனும் ஆட முடியும்? அதனால் உட்கார்ந்து ரேங்க் போடுகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் 1936லிருந்து வாராவாரம் போடுகிறார்கள். அது போக அந்த வருஷம் அக்டோபர் கடைசியிலிருந்து 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி தனியாகப் போட்டது. பாதி சீசன் தாண்டினதும் எல்லா டீமும் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். 6 மேட்ச் ஜெயித்தால் 'பவுல்' என்கிற கடைசி மேட்ச் ஒன்று கிடைக்க வழி உண்டு. மைதானம் கிண்ணம் மாதிரி இருந்ததால் அந்தப் பேர் வந்ததாம். கமிட்டியின் லிஸ்டில் முதல் 4 இடம் வந்தால்தான் கோப்பைக்கு ஆட முடியும். (அது 2023 வரைக்கும். 2024லிருந்து 12 டீம்.)

அக்டோபர் 31ஆம் தேதி முதல் லிஸ்ட் வந்தது. அண்ணன் காலேஜ் நாலாவது இடம். ஒரு மேட்ச்கூட தோற்கவில்லை. அண்ணன் போனிலேயே கத்தினார். நவம்பர் 18ஆம் தேதி குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் போய்விட்டது. அந்த மேட்சையும் 58-13 என்று ஜெயித்தார்கள். ஆனால் அடுத்த லிஸ்டில் ஐந்தாவது இடம்! ஜெயித்த டீம் எப்படிக் கீழே இறங்கும் என்று நான் கேட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

மேலே இருந்த ஒரு டீம் தோற்றதில் திரும்ப நாலுக்கு வந்தார்கள். அதற்குள் இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்குத் தலையில் அடி. டிசம்பர் 2ஆம் தேதி லூயிவில் டீமோடு கடைசி மேட்ச். மூணாவது ஆளான பிராக் கிளென்னை இறக்கினார்கள். காலேஜ் சேர்ந்த முதல் வருஷப் பையன். எறிந்த 21 பந்தில் 8தான் போய்ச் சேர்ந்தது. மற்ற பசங்க எதிரியை நகரவிடாமல் பிடித்து, 16-6 என்று ஜெயித்தார்கள். 13 மேட்ச், 13 வெற்றி. "அந்தப் பையன் வீராதி வீரன் பாப்பா" என்று அண்ணன் சொன்னார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் பள்ளி கபடி டீமில் நான் அந்த வருஷமே சேர்ந்துவிட்டேன், சப்ஸ்டிடியூட்டாக. தண்ணி பாட்டில், எல்லோருடைய செருப்பு, கொலுசு, வளையல் எல்லாம் என் மடியில்தான் இருக்கும். அதனால் எனக்கு ஜோர்டன் டிராவிஸை விட பிராக் கிளென் மேல்தான் கண்.

கமிட்டி முடிவு சொன்னது டிசம்பர் 3, நமக்கு ராத்திரி பத்தரை மணி. எங்களுக்கு அப்போது மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, டவர் இல்லை, மறுநாள் திருவள்ளூர் மாவட்டம் முழுக்க லீவு. நான் மழைச் சத்தத்தில் படுத்துக்கொண்டு, நாலா ஐந்தா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டவர் வந்த பிறகுதான் தெரிந்தது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. அண்ணன் காலேஜ் ஐந்தாவது. டெக்சாஸும் அலபாமாவும் ஆளுக்கு ஒரு மேட்ச் தோற்றவர்கள்! டிராவிஸ் இல்லாத டீம் பழைய டீம் இல்லை என்பதுதான் கமிட்டி சொன்ன காரணம். என் கால் சீசனுக்கு முன்பாதியிலேயே உடைந்திருக்கலாம், டீம் நான் மட்டும் இல்லை என்று பார்த்திருப்பீர்கள் என்ற மாதிரி டிராவிஸ் எழுதினாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆறுதலுக்கு ஆரஞ்சு பவுல் கொடுத்தார்கள். அதில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். "பாத்தியா, கமிட்டிக்காரன் சொன்னது சரிதானே" என்றார் பெரியப்பா. அது எப்படிச் சரியாகும்? கோப்பை இல்லை என்றதும் டீமில் நிறையப் பேர் அந்த மேட்சுக்கு வரவே இல்லை. கிளென் வந்து ஆடினார். 2024ல் முதல் ஆறு மேட்சில் ஐந்து தோல்வி, மொத்தம் 2 வெற்றிதான். பவுலே கிடையாது. அந்த வருஷமும் முதல் ஆளுக்கு அடிபட்டு கிளென்தான் நடுவில் இறங்கினார்.

இந்த வருஷம் குறுவட்டப் போட்டியில் முதல் மேட்ச் ஜெயித்தோம். அதில் எங்கள் ரைடர் அக்காவுக்குக் கால் பிசகிவிட்டது. பி.டி. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த வளையலை எல்லாம் யாரிடம் கொடுப்பது என்று முழித்தேன். கோட்டைத் தாண்டும்போது எதிர் டீமில் ஒருத்தி, "மெயின் ஆளு போயிட்டா, இனிமே ஒண்ணும் இல்ல" என்று சிரித்தது காதில் விழுந்தது. முதல் ரைடிலேயே அவுட். அப்புறம் மெதுவாக மூன்று பாயிண்ட் எடுத்தேன். நான்கு பாயிண்டில் தோற்றோம். வேனில் யாரும் என்னிடம் பேசவில்லை, திட்டவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன். "நீ எத்தனை பாயிண்ட் எடுத்த?"

"மூணு."

"மூணுதானா?"

"21ல 8 எறிஞ்சவர வீராதி வீரன்னு சொன்னீங்களே அண்ணா, எனக்கு மட்டும் என்ன?" என்றேன்.

அண்ணன் சிரித்த சிரிப்பு பெரியம்மா வரைக்கும் கேட்டது.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு