முகம் பார்க்கும் கண்ணாடி

சென்ற மாரிக்கு முன்னர் வாப்பா எங்கள் குளியலறையைத் திருத்திக் கட்டினார். சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ். பைப், ஷவர், துவாய் போடும் கம்பி எல்லாம் மினுக்கமில்லாத கறுப்பு. சாப்பாட்டறை மூலையில் புதிதாக வைத்த பேசினுக்கும் அதே கறுப்புப் பைப். குளியலறைக்கு ஒரு கண்ணாடி மட்டுமே பாக்கி. கடையில் விலை கேட்டுவிட்டு வந்த வாப்பா ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்தார். அப்போதுதான் நான் மூத்தம்மாவின் கண்ணாடியை ஞாபகப்படுத்தினேன்.

அது மூத்தம்மாவின் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி. 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரை போனது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வளவுக்குள் வந்தது. இரண்டு முறையும் கண்ணாடி தப்பிவிட்டது. ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் மட்டும் விழுந்திருந்தன. இரசாயனவியல் படிக்கும் தோழியருக்குக் காரணம் விளங்கும். முகம் காட்டுவது கண்ணாடிக்குப் பின்னால் படிந்திருக்கும் மெல்லிய வெள்ளிப் படலம். அமோனியாசேர் வெள்ளி நைத்திரேற்றுடன் குளுக்கோசைச் சேர்த்துச் சூடாக்கும்போது சோதனைக் குழாயின் உட்சுவரில் படிகிறதே, அதே வெள்ளிதான். அல்டிகைட்டு வெள்ளியை இப்படிப் படியச் செய்வதை 1835 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக் கண்டார். ஓரத்தால் ஈரமும் உப்பும் புகுந்தால் அந்தப் படலம் கறுத்துப்போகும்.

“சட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சா பைப்போட ஒத்துப்போகும். கண்ணாடி வாங்கிற காசும் மிச்சம்” என்றேன். உம்மாவுக்கும் சந்தோஷம். மூத்தம்மாவிடம் கேட்டோம்.

“உங்கட விருப்பம் புள்ள” என்றார். மறுப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஹார்ட்வெயார் கடையில் எனாமல் டின் ஒன்று வாங்கி, பழைய பச்சைப் பெயின்டுக்கு மேலேயே தடிப்பாகப் பூசினேன். ஒரே பூச்சில் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பு. வெளியே அடைமழை. மறுநாள் பார்த்தால் சட்டம் முழுவதும் பாலாடை போலச் சுருங்கியிருந்தது. தடிப்பாகப் பூசினால் மேற்பகுதி காய்ந்து தோலாகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், அதுதான் சுருக்கம் என்று காக்கா சிரித்துச் சிரித்து விளக்கம் சொன்னார்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. கண்ணாடியின் மேல் பத்திரிகைக் கடதாசியை வைத்து ஓரத்தில் டேப் ஒட்டினேன். 120 இலக்க அரத்தாளால் தேய்த்தேன். கறுப்பு போய்ப் பச்சை வந்தது. பச்சை போய் வெளிர்நீலம் வந்தது. அதற்கும் கீழே மஞ்சள் நிறத்தில் முதிரை மரம். மூத்தம்மா பக்கத்தில் வந்து குந்தியிருந்து அதைத் தடவிப் பார்த்தார்.

“வரக்குள்ள இந்த நிறம்தான்.”

என் கை நின்றுவிட்டது. “அப்ப பெயின்ட் அடிக்காம விடவா மூத்தம்மா?”

“அடி புள்ள. மரத்துக்கு நோகாது.”

220 இலக்க அரத்தாளால் மட்டமாக்கி, தூசு துடைத்து, பிரைமர் பூசிக் காயவிட்டு, மெல்லியதாக இரண்டு முறை கறுப்பு அடித்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள். வாப்பா டைல்ஸில் இரண்டு துளை போட்டுக் குளியலறையில் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம் புதுக் கண்ணாடியா என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் போனது. மூத்தம்மா தன் அறையில் முக்காட்டைச் சரிசெய்யும்போது வாய்க்குள் எதையோ ஓதுவார். சிறுவயதிலிருந்து நான் காணும் காட்சி. இப்போது அவர் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். உதடு அசையவில்லை.

“ஏன் மூத்தம்மா, குளியலறைக் கண்ணாடியில பாக்கிறல்லையா?”

“பாக்கிற. ஆனா அதுக்குள்ள ஓதேலாதே புள்ள.”

கண்ணாடி பார்க்கும்போது ஓதும் துஆ அது. என் தோற்றத்தை அழகாக்கியது போல என் குணத்தையும் அழகாக்கு என்று அல்லாஹ்விடம் கேட்பது. மலசலகூடமும் சேர்ந்த அறைக்குள் அல்லாஹ்வின் பெயரை எப்படி உச்சரிப்பது? பள்ளியில் அந்த ஒழுக்கத்தைப் பாடமாக்கி முழுப் புள்ளி வாங்கியவள் நான். பைப்பின் நிறத்தைப் பார்த்தேன். கண்ணாடி யாருடையது என்று பார்க்கவில்லை. “உங்கட விருப்பம்” என்று அவர் சொன்னபோது, உங்கள் விருப்பம் என்ன என்று நான் திருப்பிக் கேட்கவுமில்லை.

அன்றிரவே வாப்பாவிடம் சொன்னேன். புது டைல்ஸில் இரண்டு துளை வீணாகப் போனதற்கு அவர் ஏசத்தான் செய்தார். பிறகு அந்தத் துளைகளில் துவாய் மாட்டக் கொளுக்கி பூட்டினார்.

கண்ணாடி இப்போது சாப்பாட்டறைப் பேசினுக்கு மேலே இருக்கிறது. கறுப்புப் பைப்போடு நன்றாகவே ஒத்துப்போகிறது. மாட்டுவதற்கு முன் வாப்பா உயரம் கேட்டார். நான் மூத்தம்மாவைச் சுவரோடு நிற்க வைத்து, அவரது கண் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

காலையில் வுழூ செய்துவிட்டு அவர் முக்காட்டை இழுத்துவிடும்போது உதடு அசைகிறது. அவருக்குப் பின்னால் நின்று நானும் ஓதிக்கொள்கிறேன். என் முகம் தெரிய நான் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது.