முத்து போய்விடும், கள்ளு போகாது

இரவு எட்டு மணிக்குக் கொண்டச்சியில் என் கண்ணில் பட்ட ஒரே வெளிச்சம் ஒரு தேநீர்க் கடை. பாட்டு என்று காதில் விழுந்தது கடைக்காரரின் கைபேசியிலிருந்து. ஒரு பக்கம் முந்திரிகைத் தோட்டம், மறுபக்கம் கடலின் இருட்டு. இரவு வாழ்க்கையைப் பற்றி எழுத வந்தவன் இந்த ஊரில் எதைத் தேடுகிறான் என்று அவருக்கு விளங்கவில்லை. "இரவில இங்க என்ன தம்பி இருக்கு? சில நேரம் யானை வரும்" என்றார். வில்பத்துக் காடு தெற்கே கிட்டத்தான்.

பல்கலைக்கழக ஊர்களின் இரவைப் பற்றி யாரும் எழுதுவார்கள். இளைஞர் கூட்டம், கையில் கொஞ்சம் காசு, மூலையில் கித்தாரோடு ஒருவர், முன்னால் பியர். இளமை இருந்தால் இரவு தானாகவே விழித்துக்கொள்ளும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நான் கொண்டச்சிக்கு வந்ததற்குக் காரணம், கல்லூரி எதுவும் இல்லாத இந்த மணலில் ஆயிரக்கணக்கான மனிதர் இரவிரவாக விழித்திருந்த ஒரு நகரம் இருந்தது என்பதே.

1803இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட றொபர்ட் பேர்சிவல் என்ற பிரித்தானியப் படை அதிகாரி அதை விவரித்திருக்கிறார். முத்துக்குளிப்புக்குப் படகுகள் கூடும் இடம் கொண்டச்சிக் குடா. பெப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் முற்பகுதியில் முடியும் பருவம். வெறும் மணல் சில நாளில் கொட்டில்களும் கடைவீதிகளுமாக மாறும். குளியாட்கள், வணிகர், முத்துத் துளைப்பவர், தரகர், அவர்களை நம்பி வந்த செப்படிவித்தைக்காரர், ஆட்டக்காரர், கள்வர் எல்லோரும் அங்கே. இரவு பத்து மணியளவில், வடக்கே அரிப்பு என்ற ஊரில் பீரங்கி வெடிக்கும். தரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். விடியுமுன் சிப்பி கிடக்கும் கடலடிப் பார்களை அடைந்து, சூரியன் எழுந்ததும் குளிப்பு. நண்பகலில் எழும் கடற்காற்று அவர்களைக் கரைக்குக் கொண்டுவரும்.

படகு ஒன்றுக்கு, அதை நடத்தும் தண்டலோடு இருபது பேர் வரை. பாதிப்பேர் குளிக்க, மற்றவர்கள் கயிறு இழுக்க. ஐந்து பேர் கல்லைக் காலில் கொளுவி இறங்குவார்கள், அவர்கள் ஏறியதும் அடுத்த ஐவர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி இல்லாவிட்டால் ஒருவரும் நீரில் இறங்கமாட்டார்கள். அரசாங்கமே அவருக்குப் படி கொடுத்தது. மார்க்கோ போலோவும் இந்தக் கடலில் அப்படிப்பட்ட மந்திரக்காரரைப் பற்றிச் சொல்கிறார், அவர்களுக்குக் கிடைத்தது இருபதில் ஒரு பங்கு என்று கணக்கோடு. பாட்டுக்காரருக்கு என்ன பங்கு என்று எந்த அதிகாரியும் எழுதி வைக்கவில்லை.

அந்த நகரத்தின் உச்ச இரைச்சல் எழுந்த நேரம் வேலைக்குப் புறப்படும் நேரம் என்பதைக் கவனிக்கவேண்டும். கூத்துப் பார்க்கப் பத்து மணிக்கு வருகிறவர்கள் அல்ல இவர்கள், பத்து மணிக்குக் கடலுக்குப் போகிறவர்கள். களிப்புக்கு மிஞ்சியது பின்னேரம்தான். அதுவும் குவியலாக அழுகவிட்ட சிப்பியின் நாற்றத்துக்கு நடுவில். அந்த நாற்றத்தை விட்டுவிட்டு முத்தை மட்டும் பாரிஸ் எடுத்துக்கொண்டது. பிஸே என்ற இளம் இசையமைப்பாளரின் 'முத்துக்குளிப்போர்' இசைநாடகம் 1863இல் அங்கே அரங்கேறியது. கதை நடப்பது பண்டைய இலங்கையில். முதலில் மெக்சிக்கோவில் நடப்பதாகத்தான் எழுதினார்களாம். எங்கள் கடற்கரை அவர்களுக்கு எவ்வளவு தூரம் தெரிந்திருந்தது என்பதற்கு இது போதும்.

அந்த நகரம் ஏன் இல்லாமல் போனது? சிப்பி போனது. அளவு கடந்து அள்ளியதும், பார்களில் சிப்பி நிலையாக நிற்காததும் சேர்ந்து, இடையிடையே பல ஆண்டுகள் குளிப்பே இல்லாமல் கழிந்தன. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் வந்து ஆராய்ந்தார். 1903 முதல் மறுபடி நல்ல காலம், ஆனால் முகாம் தெற்கே மறிச்சுக்கட்டிக்கு நகர்ந்திருந்தது. 1906இல் அங்கே வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர், பின்னர் எழுத்தாளராக அறியப்பட்ட லெனாட் வூல்ஃப். அதே ஆண்டு ஒரு நிறுவனம் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் சிப்பி இல்லை. நிறுவனமும் மூடுண்டது. ஆனால் சிப்பி நிறைந்திருந்த காலத்திலும், ஒவ்வோர் ஏப்ரலிலும் இந்த நகரம் அழிந்துகொண்டுதான் இருந்தது. முத்து மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடிய பொருள். கீழக்கரைக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் பம்பாய்க்கும் அது போனது. அதைத் தேடி வந்தவர்களும் கூடவே போனார்கள்.

கொண்டச்சியில் இருப்பவர்கள் முஸ்லிம்கள். கள்ளு விற்கும் தவறணைக்கு இங்கே வேலை இல்லை. இரவில் வாத்தியம் கேட்பதுண்டா என்று கேட்டபோது, தேநீர்க் கடையில் இருந்த ஒரு பெரியவர் நோன்பு காலத்தைச் சொன்னார். சஹருக்கு எழுப்ப றபான் அடித்துப் பாடிக்கொண்டு வரும் பாவா. "தொண்ணூறில எங்களை வெளியேத்தினாப் பிறகு புத்தளத்தில இருந்தம். அங்கயும் ஒரு பாவா வந்தார். ஆனா அவர்ட பாட்டு வேற." 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 2009க்குப் பிறகுதான் இந்தக் கிராமங்களுக்குப் பெருமளவில் திரும்பி வந்தார்கள். அவரிடம் அதற்குமேல் பாட்டைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் வடக்கே திரும்பினேன். சிலாவத்துறை, அரிப்பு, கடலுக்குள் செங்கல் செங்கலாக இடிந்து விழுந்துகொண்டிருக்கும் ஆளுநர் நோர்த்தின் மாளிகை. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டியது. அருவி ஆற்றைத் தாண்டி, வங்காலை, தள்ளாடி, பிறகு தாம்போதி. மன்னார்த் தீவு.

தீவில் பனை அடர்த்தி. வைகாசியில் சோளகம் பிடித்துவிட்டால் அந்தப் பனைகள் நிற்பதில்லை. தென்கரையில் 2020இல் தொடங்கிவைத்த முப்பது காற்றாலைகள் அதே காற்றில் சுழல்கின்றன. அவற்றுக்கு அது வருமானம், பனையில் ஏறுகிறவருக்கு இடைஞ்சல். பேசாலை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு மணல் ஒழுங்கையில் நான் சந்தித்த சீவல்தொழிலாளி அதை ஒத்துக்கொள்ளவில்லை. அறுபதை நெருங்குகிறவர்.

"மரம் ஆடுறது பிரச்சினை இல்லை தம்பி. நாங்கள் ஆடாமல் நிக்கப் பாத்தாத்தான் பிரச்சினை. அதோட சேந்து ஆடவேணும்."

காலில் தளைநார், இடுப்பில் கத்திக்கூடு. முன்பு சுரைக்குடுவை தொங்கிய இடத்தில் இப்போது பிளாஸ்ரிக் கான். அவர் ஏறும்போது மேலே பார்த்துக் கழுத்து வலித்தது எனக்குத்தான். அடியில் நின்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியவற்றில் பாதி, அவர் இறங்கி வந்து திருத்தியது. கள்ளு மரத்திலிருந்து வடிவதில்லை. வடியப் பழக்கவேண்டும். பாளை வெளிவந்ததும் அதைச் சேர்த்துக் கட்டவேண்டும். நாளாந்தம் மெல்லத் தட்டி இளக்கவேண்டும், ஆண்பனையின் பாளைக்கு ஒருவிதம், பெண்பனைக்கு வேறுவிதம். பலநாள் தட்டி நுனியைச் சீவிவர, ஒருநாள் துளி திரளும். அன்றிலிருந்து முட்டி கட்டலாம். அதன்பிறகு காலையும் பின்னேரமும் ஏறி, ஒவ்வொரு முறையும் வெங்காயத் தோல் மொத்தத்துக்கு ஒரு சீவல். மொத்தமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் ஒருநாள் விட்டால் வெட்டுவாய் அடைத்து ஊற்று நின்றுவிடும். காய்ச்சலோ கலியாண வீடோ, ஏறத்தான் வேண்டும். பருவத்தில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"பூசைக்கு?"

"பூசைக்கு முதல் ஒருக்கா, பிறகு ஒருக்கா."

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்குவது அநேகமாகப் பெண்களின் வேலை. பனங்கட்டி மாதக்கணக்கில் இருக்கும், கடல் தாண்டியும் போகும். கள்ளு அப்படியல்ல. முட்டியில் விழுந்த கணத்திலிருந்து நொதி வேலையைத் தொடங்குகிறது. காலையில் இனிப்பு, பின்னேரம் காரம், மறுநாள் புளிப்பு, அதற்குமேல் வினாகிரி. சூடாக்கிப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், உண்மைதான். அதைக் குடித்துவிட்டு ஊர்க் கள்ளு என்று சொல்லும் புலம்பெயர்ந்த நண்பர்களோடு நான் வாதாடுவதில்லை. உடன் கள்ளு குடிக்கவேண்டுமானால் பனை நிற்கும் இடத்துக்கு ஆள் வரவேண்டும், அன்றைக்கே வரவேண்டும். முத்து தன்னைத் தேடி வந்த கூட்டத்தைக் கலைத்து அனுப்பியது. கள்ளு ஒவ்வொரு நாளும் கூட்டத்தைக் கூட்டியே ஆகவேண்டும்.

தவறணை என்பது கிடுகுக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டில். கூட்டுறவுச் சங்கத்தினுடையது. 1970களில் வடக்கில் பனை தென்னைவள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபின், சீவுகிறவர் சங்கத்துக்குக் கள்ளை அளந்து கொடுக்கிறார், சங்கம் விற்கிறது. அதற்குமுன் குத்தகைக்காரரின் ராச்சியம். தொழிலோடு சாதிப் பெயரும் ஒட்டியிருந்தது, இன்னும் முழுதாக உரிந்துபோகவில்லை. சீவுகிறவரின் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள் அவர் இறக்கிய கள்ளைப் பனையோலைப் பிளாவில் ஏந்திக் குடித்தார்கள். குடித்ததும் பிளா எறியப்படும். இப்போது பிளா குறைவு, போத்தலும் பிளாஸ்ரிக் கோப்பையும்தான். வாசலுக்கு வெளியே இரண்டு பெண்கள் பொரித்த மீனும் அவித்த கடலையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் இல்லை. 1979இல் வந்த ஓர் அரசாணை பெண்களுக்கு மது விற்பதையும் மதுச்சாலைகளில் அவர்கள் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னார். மீன் விற்ற அக்காவிடம் இதைச் சொன்னேன். "உள்ள போனா ஆர் மீன் பொரிக்கிறது?" என்றார்.

பின்னேரம் நாலரைக்குக் கூட்டம் நிறைந்தது. விடியற்காலை கடலுக்குப் போய்வந்து நித்திரை கொண்டு எழும்பிய மீனவர், மேசன்மார், இரண்டு ஓட்டோக்காரர். பாட்டு யாரும் அறிவித்துத் தொடங்குவதில்லை. ஒருவர் பலகையில் விரலால் தட்டுகிறார், இன்னொருவர் வெற்றுப் போத்தலில் கரண்டியால் தாளம் எடுக்கிறார். முதலில் ஒரு பைலா. பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, நித்தி கனகரத்தினத்தின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'. கள்ளுக்கடைக்குள் உட்கார்ந்து முழுக் கொட்டிலும் அதைப் பாடுவதில் ஒருவருக்கும் கூச்சமில்லை. நித்தி 1960களில் அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராக இருந்த காலத்தில் கித்தாரோடு பாடத் தொடங்கியவர். ஈழத்துப் பொப்பிசை முளைத்தது அப்படி ஒரு மாணவர் விடுதிக் கூத்தில்தான். ஆகவே கல்லூரி ஊரின் இரவு இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது, ஐம்பது ஆண்டுக்கு மேல் தாமதமாக, கித்தார் இல்லாமல்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. அதே 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் படித்த மாணவரின் காலுக்குக் கொண்டுவந்தார். 1964இல் 'இராவணேசன்' அங்கே மேடையேறியது. மன்னார்க் கத்தோலிக்கரின் 'மூவிராசர் வாசகப்பா'வை 1966இல் பதிப்பித்தவரும் அவர்தான். தவறணையில் போத்தலில் தாளம் போட்டவர் சின்ன வயதில் அந்தக் கதையில் ராசாவாக ஆடியவராம். ஒரு விருத்தம் எடுத்தார். கொட்டில் முழுதும் அடங்கவில்லை, பாதிப்பேர் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் முன்னால் பிழைவிட்டால் அடி விழும், இங்கே பிழைவிடலாம் என்றார். நேரடி இசைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. கேட்பதற்கு நல்ல இடம் என்று சொல்லமாட்டேன்.

சீவல்தொழிலாளியின் மருமகன் ஒருவன் அவரைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்தான். வவுனியாப் பல்கலைக்கழக மாணவன். குடிப்பதில்லை. விடுமுறைகளில் ஓர் இசைக்குழுவில் ஒக்டபாட் வாசிக்கிறான். திருவிழா மேடைகள்தான் அவர்கள் பிழைப்பு. தவக்காலம் நாற்பது நாளும் மேடை கிடையாது, ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் மட்டும்தான். தாய்மாமனுக்கும் அது மந்தமான காலம். பாளை தட்டி இளக்கும் வேலை மும்முரம், குடிக்க வருகிறவர் குறைவு. ஆடி, ஆவணியில் பெடியனுக்கு ஓய்வில்லை, மாமனுக்குப் பருவம் முடியும்.

"இப்ப டிஜேக்காரன் ஒருத்தன் லப்டொப்போட வாறான் அண்ணை. எங்கட ஆள் ஏழு பேர். சம்பளத்தை ஏழாப் பிரிக்கவேணும், அவன் பிரிக்கத் தேவையில்லை."

"மழை பெஞ்சா?" என்று மாமன் கேட்டார்.

"மேடை இல்லை. அட்வான்சையும் திருப்பிக் கேப்பினம்."

"எனக்கும் அப்பிடித்தான். முட்டிக்குள்ள தண்ணி விழுந்தாச் சங்கம் எடுக்காது."

மரத்தால் விழுந்தால் என்ன கிடைக்கும் என்று நான் கேட்டதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை. விழுந்தவர்களின் பெயர்களை மாமன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஒரு கை முடிந்ததும் நிறுத்திவிட்டார்.

இருட்டுமுன் முகாமையாளர் கணக்குக் கொப்பியை எடுத்தார். ஒருவர் இன்னும் ஒரு போத்தலுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை. காலைக் கள்ளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை அவர் குடிக்க விற்கமாட்டாராம். "நாளைக்கு இது வினாகிரிதான். வீட்டில சமைக்கிறனீங்களா, தம்பி?" என்று என்னைக் கேட்டார். இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டேன். வெளியே அக்காவிடம் மீன் முடிந்திருந்தது.