அஞ்சடி நிழல்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு பாகையில் அமைந்து, ஆண்டின் ஏறக்குறைய பாதி நாள்களில் மழையும் எல்லா நாள்களிலும் புழுக்கமும் வாய்த்த சிங்கப்பூர், நடப்பவருக்கு இயல்பாக ஏற்ற ஊர் அன்று. அத்தகைய ஊரில் முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குச் செல்வோரும் தம் அன்றாட அலுவல்களைக் காரின்றி நடந்தே முடித்து, அதில் மகிழ்ச்சியும் காண்கிறார்கள் என்றால், அதற்கு அவர்களுடைய உடலுறுதியைக் காட்டிலும், நடப்பவர் தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தாக வேண்டும் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட விதியே முதற்காரணம் எனலாம்.

1822ஆம் ஆண்டு நவம்பரில், பிரிட்டிஷ் ஆட்சியாளர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு அளித்த அறிவுறுத்தல்களில், தெருவை நோக்கிய ஒவ்வொரு வீடும் குறிப்பிட்ட ஆழமுள்ள ஒரு தாழ்வாரத்தைக் கொண்டிருக்க வேண்டும் என்றும், அத்தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து, எந்நேரமும் திறந்திருக்கும் நடைவழியாகத் தெருவின் இருபுறமும் அமைய வேண்டும் என்றும் கூறப்பட்டது. பின்னாளில் ஐந்தடி அகலம் வழக்காகிவிட, மலாய்க்காரர் அதனைக் 'காக்கி லீமா' என்றனர்; 'காக்கி' அடி, 'லீமா' ஐந்து. தமிழர் நாவில் அது 'அஞ்சடி' ஆயிற்று. மனை உரிமையாளருடையதாக இருக்க, அதில் நடக்கும் உரிமை மட்டும் ஊராருடையது என்பதே இந்த ஏற்பாட்டின் நுட்பம். தமிழகத்து வீடுகளின் திண்ணை வழிப்போக்கருக்கு உட்கார இடம் தந்தது போல, அஞ்சடி அவருக்கு நடக்க இடம் தந்தது. திண்ணை வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தது, அஞ்சடியோ சட்டத்தைப் பொறுத்தது.

அந்த உரிமை பூசலின்றி நிலைக்கவில்லை. கடைக்காரர்கள் சரக்கை அஞ்சடியில் பரப்பிவைக்க, நகராட்சி அதனை அகற்ற முற்பட்டபோது, 1888 பிப்ரவரியில் நகரமே சில நாள்கள் கலவரத்தில் ஆழ்ந்தது. 'வராந்தாக் கலவரம்' என்று வரலாற்றில் பெயர்பெற்ற அந்நிகழ்ச்சியில், பிழைப்புக்காக இடம் கேட்டவர், நடக்க வழி கேட்டவர் ஆகிய இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே கருதத் தோன்றுகிறது.

இன்றைய லிட்டில் இந்தியாவில், பஃபலோ சாலையிலோ கேம்பல் சந்திலோ அஞ்சடியில் நடப்பவர் இவ்விரு தேவைகளும் இன்றும் உடனிருப்பதைக் கண்கூடாக அறியலாம். ஒரு கடை வாசலில் பூவேலைத் தரை ஓடுகள். அடுத்ததில் வெறும் சிமெண்ட். இரண்டுக்கும் இடையே தளம் அரையடி உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும், ஆகவே பழகிய கால் பார்க்காமலே படி இறங்கும். மல்லிகைச் சரம் தொங்கும் பூக்கடையைக் கடக்கையில் தோளைச் சற்று ஒடுக்கி, முருங்கைக்காய்க் கட்டுகளைக் கடக்கையில் பையை மறுகைக்கு மாற்றி, எதிரே வருபவருக்கு வழிவிட்டு நடக்கும் அந்த நடையில், வெங்காயத்தின் இன்றைய விலையும் வெற்றிலையின் பசுமையும் கேட்காமலே தெரிந்துவிடுகின்றன. கார்க்காரர் அதே தெருவில் முதலில் தேடுவது நிறுத்துமிடத்தை.

கார் வைத்திருப்பதே இங்கு எளிதன்று. 1990 முதல் நடைமுறையிலுள்ள வாகன உரிமைச் சான்றிதழை, அதாவது பத்தாண்டுகளுக்கு வாகனம் வைத்துக்கொள்ளும் உரிமையை, ஏலத்தில் பெற வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்குரிய சான்றிதழ் 1,50,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது, காரின் விலை அதில் சேராது. ஆயினும் விலையேற்றம் ஒருவரைக் காரிலிருந்து இறக்கிவிடலாமே தவிர, நடையை இனிமையாக்கிவிடாது. அதனை இனிமையாக்குவது நிழலே.

அந்த நிழல் கடைத்தெருவோடு நின்றுவிடவில்லை. மக்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடிகளில் பலவற்றின் கீழ்த்தளம் வீடுகளின்றித் தூண்களோடு திறந்தே விடப்பட்டிருக்கிறது. ரயில் நிலையத்துக்கு அதன் ஊடாகக் குறுக்கே நடப்பவர், ஒருநாள் மலாய்த் திருமணத்தின் பந்தி மணத்தையும், மறுவாரம் அதே தூண்களுக்கிடையே சீனர் ஒருவரின் நீத்தார் சடங்கில் மெல்ல ஒலிக்கும் மணியையும் கடந்து செல்வார். அண்டைவீட்டாரின் வாழ்வும் சாவும் நடப்பவருக்கு இவ்வாறே தெரியவருகின்றன. 2013இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரையிட்ட நடைபாதைகள் நீட்டப்பட்டன. கூரை எட்டாத இடத்தில் மரங்கள் அப்பணியைச் செய்கின்றன. 1963இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ தொடங்கிவைத்த மரநடும் இயக்கத்தின் பயனாக, பெருஞ்சாலைகளில் தூங்குமூஞ்சி மரங்கள் இருபுறமிருந்தும் கிளை கோத்து நிற்கின்றன. அந்தியில் இலைகளை மடக்கிக்கொள்வதால் தமிழில் அப்பெயர் பெற்ற அம்மரத்தின் கீழே அவ்வேளையில் நடந்தால், காலையில் பச்சையாக மூடிக்கிடந்த விதானம் சல்லடையாகி, அதன் வழியே வானம் தெரிவதைக் காணலாம்.

எனினும் கூரை எங்கும் இடையறாது ஓடவில்லை. ஒரு நடைபாதை முடிந்து அடுத்தது தொடங்குமுன், சாலையைக் கடக்கும் பத்துப் பன்னிரண்டு அடி வெட்டவெளியாகவே இருக்கும். நடைவழி பற்றிச் சிந்திப்போர் தம் கவனத்தை இனி வைக்க வேண்டிய இடம் அதுவே. பிற்பகல் மழை திடீரெனக் கொட்டும்போது, தகரக் கூரையின் விளிம்பில் நீர்த்திரை விழ, அங்கே ஐந்தாறு பேர் நின்றுவிடுவார்கள்: காய்கறித் தள்ளுவண்டியோடு ஒரு சீன மூதாட்டி, சீருடைப் பிள்ளைகள், பணி முடிந்த ஒரு தமிழ்த் தொழிலாளி. குடை வைத்திருப்பவர் ஒருவர் வருவார். சொல்லாமலே அதனை மூதாட்டியின் பக்கம் சாய்ப்பார். இருவரும் வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி எதிர்க் கூரையை நோக்கி நடப்பார்கள்.