ஒட்டியதும் ஒவ்வாததும்

ஒரு பொருள் உடலுக்கு ஏற்காமற் போவதை இன்றைய தமிழ் 'ஒவ்வாமை' என்கிறது. ஒத்துப் போகாமை என்பதே அதன் கருத்து. இன்றைய அரபி அதனை 'ஹஸ்ஸாஸிய்யா' என்கிறது. 'ஹிஸ்ஸு', அதாவது உணர்வு, என்னும் வேரிலிருந்து கிளைத்த சொல் அது. தமிழ்ச் சொல் இரண்டு பொருள்களுக்கு இடையிலான பிணக்கைச் சுட்டுகிறது. அரபிச் சொல்லோ உடலின் கூர்மையான உணர்வைச் சுட்டுகிறது. 1906ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் பிர்க்கே இந்நிலைக்கு ஒரு புதுப் பெயர் சூட்டினார். அதைத்தான் இப்போது 'அலர்ஜி' என்று எல்லோரும் வழங்குகிறோம். பெயர் புதிது, நோய் பழையது. பாரசீகத்துப் பேரறிஞர் அர்ராஸீ, வசந்த காலத்தில் ரோஜா மலரை முகரும்போதெல்லாம் அபூஸைத் அல்பல்கீ என்பாருக்கு மூக்கு ஒழுகுவது ஏன் என்று ஆராய்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தனிக் கட்டுரை வரைந்திருக்கிறார்.

ரோஜாவே ஒருவருக்கு ஒவ்வாததாகலாம் எனின், காயத்தை ஆற்றுவதற்காக ஒட்டுகின்ற பிளாஸ்திரி ஒவ்வாததாவதில் வியப்பென்ன? ஆயினும் அதை நாம் எதிர்பார்ப்பதில்லை. மருந்தின் பக்கம் நிற்பது எதுவும் நமக்குத் தீங்கு செய்யாது என்றே மனம் நம்புகிறது. அந்த நம்பிக்கையால் நோயாளி படுகிற பாட்டை என் தமக்கையார் வாயிலாக நான் அறிந்தேன்.

அந்தியூரில் எங்களுடனேயே வாழ்கின்ற அவர், முற்றத்து ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்புக்குத் தகடு பொருத்தித் தைத்து, பஞ்சுத்துணி வைத்து, அதன்மேல் அகலமான பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அரிப்புத் தொடங்கியது. ஐந்தாம் நாள் பிளாஸ்திரியின் ஓரமெங்கும் சிவந்து, சிறு சிறு நீர்க் கொப்புளங்கள் எழுந்தன. இரவில் உறக்கமில்லை. புண் சீழ் பிடித்துவிட்டது என்று வீட்டார் அஞ்சினோம். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம், அவற்றை நிறுத்துங்கள் என்றார் ஒருவர். கொடிக்காலிலிருந்து வெற்றிலை பறித்து வந்து, விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி ஒட்டச் சொன்னார் பக்கத்து வீட்டு அம்மையார். ஈரோட்டுச் சீமையில் மஞ்சளுக்குப் பஞ்சமில்லையாதலால் அதை அரைத்துப் பூசவும் ஒருவர் ஆயத்தமானார். அனைவரும் அன்பினாலேயே சொன்னார்கள்.

தோல் மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தச் சிவப்புக்கு ஓரம் ஏன் கோடு போட்டாற்போல் நேராக இருக்கிறது?" அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். தையல் போட்ட இடம் அமைதியாக இருந்தது. சிவப்பு முழுதும் பிளாஸ்திரி ஒட்டியிருந்த நீள்சதுரத்திலேயே அடங்கியிருந்தது. சீழும் கிருமியும் அளவுகோல் வைத்துப் பரவுவதில்லை; நேர்கோடு மனிதன் வைத்த பொருளின் அடையாளம். புண் நோகிறதா, அன்றிப் புண்ணைச் சுற்றி அரிக்கிறதா என்று பிரித்தறிந்தாலே பாதி அச்சம் தீரும்.

பிளாஸ்திரியில் அப்படி என்னதான் இருக்கிறது? 1882இல் ஹாம்பர்க் நகரத்து மருந்தாளுநர் பையர்ஸ்டார்ஃப் மருந்துப் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றார். 1920இல் அமெரிக்காவில் ஏர்ல் டிக்சன் என்பவர், அடுக்களையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட தம் மனைவிக்காக, பஞ்சுத்துணியும் ஒட்டும் நாடாவும் சேர்ந்த சிறு கட்டினை உருவாக்கினார். பழைய வகைப் பிளாஸ்திரிகளின் பசையில் ரப்பரும், பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடித்த 'கொலோஃபனி' என்ற பொருளும் சேரும். வயலின் வில்லுக்குத் தேய்க்கும் கட்டியும், வானொலி பழுதுபார்ப்பவர் ஈயப் பற்று வைக்கையில் புகையும் பிசினும் இதுவே. துத்தநாக ஆக்ஸைடைக் கலந்து பிசினின் காரத்தைத் தணித்துப் பார்த்தார்கள். பின்னர் அக்ரிலேட் பசைகள் வந்தன. பலருக்கு அவை ஒத்துக்கொண்டன, சிலருக்கு அவையும் ஒவ்வவில்லை.

ஈண்டு இருவகைத் துன்பங்களைப் பிரித்துணர வேண்டும். முதலாவது வெறும் எரிச்சல். பசை இழுக்கும்போது தோலின் மேலடுக்கு உரிந்து வருவதாலும், அடியில் வியர்வையும் ஈரமும் தேங்கித் தோல் ஊறிப்போவதாலும் உண்டாவது, யாருக்கும் வரலாம், மிகுதியாகக் காண்பதும் இதுவே. பிளாஸ்திரியை எடுத்தால் விரைவில் தணியத் தொடங்கும். இரண்டாவது உண்மையான ஒவ்வாமை. உடலின் காவற்படை ஒரு பொருளைப் பகையென்று குறித்து வைத்துக்கொண்டு, அது மீண்டும் தீண்டிய ஓரிரு நாட்களில் போர் தொடுப்பது. இதில் அரிப்பும் கொப்புளமும் மிகும்; பசையை அகற்றிய பின்னும் சில நாள் வளரும்; ஒட்டிய எல்லையையும் சிறிது தாண்டும். அந்த நினைவு பல்லாண்டு, பெரும்பாலும் ஆயுள் முழுதும், அழிவதில்லை.

இது நம் நாட்டார் அறியாத செய்தியன்று. சலவைத் தொழிலாளர் துணிக்கு அடையாளமிடும் சேங்கொட்டைச் சாறு, சட்டைக் கழுத்து உராயும் இடத்தில் புண்ணாக்குவதை முன்னோர் கண்டிருக்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்த அயல்நாட்டுப் படைவீரரிடம் இதே நோயை மருத்துவர்கள் கண்டு எழுதி வைத்தனர். 1955 வாக்கில் புனே அருகே தென்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியச் செடி, உழவர் பலரின் முகத்தையும் கழுத்தையும் தடிக்கச் செய்தது. சேங்கொட்டை, பார்த்தீனியம், பைன் பிசின் என்று பொருள்கள் வேறாயினும் உடலின் வழக்கு ஒன்றுதான்.

இனித் தணிக்கும் முறை. அதன் முதற்படி, எதையும் பூசுவதன்று; ஒவ்வாததை நீக்குவது. ஆனால் அறுவைப் புண்ணின் கட்டை நோயாளி தாமே பிரித்தெறியலாகாது. கட்டியவரிடம் சென்று மாற்றச் சொல்ல வேண்டும். பிளாஸ்திரியை விருட்டென்று மேல்நோக்கி இழுப்பது பெருந்தவறு. ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, தோலோடு தோலாகப் படிந்தவாறு, முடி சாயும் திசையில் மெல்ல மெல்ல உரிக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வராத ஓரத்தில், தையலுக்கு எட்டாத தொலைவில், சிறிது எண்ணெய் தடவினால் பசை இளகும். எஞ்சிய பசையைச் சுரண்டாமல், மணமற்ற மென்மையான சோப்பாலும் நீராலும் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

அடுத்தது குளிர்ச்சி. கொதித்து ஆறிய நீரில் தூய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, காயத்தை விட்டு அரிப்புள்ள இடத்தில் 10 முதல் 15 நிமிடம் வைத்தெடுக்கலாம்; நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். அதன்பின் மணமும் மருந்தும் கலவாத வெள்ளை வாசலினை மெல்லிதாகப் பூசினால், உரிந்த தோலுக்கு அது ஒரு போர்வையாகும். வீக்கமும் அரிப்பும் மிகுந்தால் மருத்துவர் வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்களுக்குத் தருவார். அதைப் புண்ணின்மேல் பூசலாகாது. கடையில் கேட்டு வாங்குவதும் ஆகாது. ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் நடுவண் அரசு ஆணையிட்டதற்குக் காரணம், அவற்றால் தோல் மெலிந்து வருந்தியவர்கள் பெருகியதே.

செய்யத் தகாதவை செய்யத் தக்கவற்றினும் முக்கியமானவை. சுடுநீர் ஊற்றலாகாது, அரிப்புக்கு அது கணநேர இன்பமும் பின்பு இரட்டைத் துன்பமும் தரும். ஸ்பிரிட்டும் கிருமிநாசினித் திரவமும் உரிந்த தோலை மேலும் எரிக்கும். நியோமைசின், ஃப்ராமிசெட்டின் வகைக் களிம்புகள் தாமே ஒவ்வாமை உண்டாக்கும் பெயர் பெற்றவை. ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றொன்றும் ஒவ்வாமற் போகக் கூடும். மஞ்சளுக்கும் சிலருடைய தோல் சிவந்தெழும். எங்கள் ஊருக்குப் புகழ் சேர்க்கும் வெற்றிலையைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும் தைவானில் வெந்த வெற்றிலையை முகத்தில் பற்றுப் போட்டவர்களுக்குத் தோல் வெளுத்த செய்தியை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். புண்பட்ட தோல் ஒரு காயப்பட்ட விருந்தாளி. அதற்குப் பத்து வகைப் பண்டம் படைப்பதை விட, அமைதியாகப் படுக்க விடுவதே உபசாரம். சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, எல்லை கடந்து பரவும் சிவப்பு இவை தோன்றினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

தமக்கையாரின் துன்பத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது மார்க்கச் சட்டம் பற்றியது. பிளாஸ்திரி, காயத்தை மட்டுமன்றிச் சுற்றியிருந்த நல்ல தோலையும் மூடியிருந்தது. அங்கே நீர் படாவிட்டால் உளூ நிறைவேறாது என்று எண்ணி, ஒவ்வொரு தொழுகைக்கும் அதன் ஓரங்களைப் பெயர்த்துக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார். நாளுக்கு ஐந்து முறை தோல் உரிந்தது. அடியில் நீரும் தங்கியது. "தொழுகை கூடாமற் போய்விடுமோ தம்பி?" என்பதே அவர் கவலை.

சட்டநூல்கள் இதற்கு எப்போதோ வழி வகுத்துள்ளன. கட்டின்மேல் ஈரக் கையால் தடவுவதை 'மஸ்ஹு' என்றும், அந்தக் கட்டை 'ஜபீரா' என்றும் அவை கூறும். உடைந்ததைப் பொருத்துதல் என்னும் 'ஜப்ர்' அதன் வேர். அல்ஜீப்ரா என்னும் கணிதத்தின் பெயரும் அவ்வேரிலிருந்தே வந்தது. கட்டை அவிழ்ப்பது தீங்கு தருமெனில், எங்கள் பகுதி ராவுத்தர் மக்கள் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி நெறியில், அதன் பெரும்பகுதியின்மேல் ஒரு முறை ஈரக் கையால் தடவினால் போதும். கட்டும்போது உளூவுடன் இருந்திருக்க வேண்டுமென்பதில்லை, நாட்கணக்கும் இல்லை, ஆறும் மட்டும் சலுகை நீடிக்கும். கடற்கரையூர்களில் பரவலான ஷாஃபி நெறியில் நிபந்தனைகள் சற்று மிகுதி: தூய்மையுடன் கட்டியிருத்தல், தேவைக்கு மேல் நல்ல தோலை மூடாதிருத்தல், மஸ்ஹுடன் தயம்மும் செய்தல் என்பன. அவ்வழியினர் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். இரு நெறியும் ஒன்றுபடும் இடம், நோயாளி தம் உடலுக்குத் தீங்கிழைத்துத் தூய்மை தேட வேண்டுவதில்லை என்பதாகும்.

பயணமொன்றில் கல்பட்டுத் தலையில் காயமுற்ற ஒருவர், குளிப்புக் கடமையானபோது, தயம்மும் போதுமா என்று உடனிருந்தோரைக் கேட்க, நீர் இருக்கையில் கூடாது என்று அவர்கள் தாமாகவே தீர்ப்புரைக்க, அவர் குளித்து உயிர் துறந்தார் என்று அபூதாவூத் தொகுப்பில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஓர் அறிவிப்பு உண்டு. செய்தி எட்டியதும், தெரியாததைக் கேட்டறியாமல் தீர்ப்பளித்தவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். சட்டத்திற்கும் மருத்துவத்திற்கும் இது பொதுவான பாடம். கரப்பான் என்று தாமாகத் தீர்ப்பதும், உளூ கூடாது என்று தாமாகத் தீர்ப்பதும் ஒரே குறையின் இரு முகங்கள்.

பிளாஸ்திரியை மாற்றி, பஞ்சுத்துணியின்மேல் சுருள் துணி சுற்றிக் கட்டியதும் அரிப்பு அடங்கலாயிற்று. மூன்று வாரத்தில் தோல் தேறியது. கறுப்புத் தழும்பு மட்டும் மாதக்கணக்கில் இருந்தது. நம்மவர் நிறத்துக்கு அது இயல்பு, தானே மங்கும். எனினும் அச்சம் மங்கவில்லை. அடுத்த ஆண்டு கண்புரைக்கு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. "முகத்தில் அந்தப் பிளாஸ்திரியை ஒட்டுவார்கள், வேண்டாம், இருக்கிற பார்வையே போதும்" என்று அவர் மறுத்தார். குர்ஆனின் எழுத்துகள் ஒன்றன்மேலொன்று படிந்து தெரிந்த கண் அது. ஒட்டுப் பசை ஒன்றுக்கு அஞ்சிப் பார்வையையே துறக்கத் துணிந்தவரை, வற்புறுத்தலால் அன்று, விளக்கத்தால்தான் மாற்ற முடிந்தது.

எது ஒவ்வாது என்று அறிய வழியுண்டு. 1895இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் யாடாசோன் வெளியிட்ட ஒட்டுச் சோதனையே இன்றும் அடிப்படை. ஐயுறும் பொருள்களைச் சிறுசிறு அளவில் முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்து, மீண்டும் ஓரிரு நாளில் பார்ப்பார்கள். இந்தியருக்கென வகுத்த சோதனைத் தொகுதியில் கொலோஃபனி, நியோமைசின், பார்த்தீனியம் மூன்றும் இடம்பெற்றுள்ளன. சோதனைக்கு வாய்ப்பில்லாதோர் எந்தப் பிளாஸ்திரி ஒட்டியபோது சிவந்தது என்று அதன் உறையை எடுத்து வைக்கலாம். சிலிக்கோன் பசை நாடா, சுருள் துணிக்கட்டு, வலைக்குழாய்க் கட்டு என மாற்று வழிகள் பல இருக்கின்றன. கேட்பவருக்கே அவை கிடைக்கும்.

தமக்கையாரின் மருத்துவச் சீட்டின் தலைப்பில் 'பிளாஸ்திரிப் பசை ஒவ்வாது' என்று பெரிய எழுத்தில் எழுதச் செய்தோம். கண் மருத்துவரிடம் முதற் பேச்சாக அவர் கூறியதும் அதுவே. மருத்துவர் சினக்கவில்லை, குறித்துக்கொண்டு வேறு நாடா வைத்தார். வாசகர் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். மருந்து ஒவ்வாமையை எழுதி வைப்போர், ஒட்டும் பசையின் ஒவ்வாமையை அற்பமென்று விட்டுவிடுகின்றனர். அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதி வையுங்கள். மயக்கத்தில் படுத்திருக்கும் நோயாளிக்காக அச்சீட்டுப் பேசும்.